கெர்னல் நெட்வொர்க் ட்ரான்ஸ்போர்ட்டில் செய்தி அளவு வரம்புச் சோதனையைச் சரிசெய்தல்: லினக்ஸ் 9பி குறியீட்டை வைத்து முழுமையான வழிகாட்டி

எதிர்முனை அனுப்பும் செய்தியின் நீளத்தைப் பார்க்காமலோ, பார்த்தும் தவறான எண்ணோடு ஒப்பிட்டோ பஃபருக்குள் நகலெடுத்தால் கெர்னலின் ஹீப் நினைவகம் கெட்டுப்போகும். அதைச் சரிசெய்யும் பேட்ச் பெரும்பாலும் ஐந்தாறு வரிதான். ஆனால் அந்த வரிகளை எங்கே வைப்பது, எந்த எண்ணோடு ஒப்பிடுவது, சோதனை தோற்றால் அடுத்து என்ன செய்வது என்ற மூன்று இடங்களிலும் புதிதாக வருபவர்கள் தொடர்ந்து சறுக்குகிறார்கள்.

இங்கே எடுத்துக்கொள்வது லினக்ஸ் கெர்னலின் 9பி கிளையன்ட். மெய்நிகர் கணினிக்குள் ஹோஸ்ட்டின் கோப்புறையை மவுண்ட் செய்யப் பயன்படும் நெறிமுறை இது. ஒரே நெறிமுறை சாக்கெட், விர்ட்டையோ, ஜென் (இவ்விரண்டும் மெய்நிகர் கணினிக்கானவை), ஆர்டிஎம்ஏ (நெட்வொர்க் அட்டை நேராக நினைவகத்தில் எழுதும் முறை), யுஎஸ்பி கேட்ஜெட் (நம் கணினியே யுஎஸ்பி சாதனமாக நடப்பது) என்று பல ட்ரான்ஸ்போர்ட்டுகளின், அதாவது தரவைச் சுமக்கும் வழிகளின், மேல் ஓடுகிறது. ஒரே தவறு ஒவ்வொன்றிலும் வேறு வேறு உருவில் வந்திருப்பதால் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடைப்பது கடினம். சி மொழி தெரியும், கெர்னலைக் கட்டி பூட் செய்யத் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறோம்.

1. தொடங்கும் முன் தேவைப்படுபவை

முதலில் க்யூஇமுவில் ஒரு மெய்நிகர் கணினி. நாம் வேண்டுமென்றே ஹீப்பைக் கெடுக்கப் போகிறோம். அன்றாட வேலைக்கான கணினியில் இதைச் செய்தால் கெட்டுப்போவது 9பி பஃபர் மட்டுமாக இருக்காது. பக்கத்தில் இருக்கும் வட்டுக் கோப்பு முறையின் தரவாகவும் இருக்கலாம்.

கெர்னல் கட்டமைப்பில் கேசான் (எல்லை தாண்டிய நினைவக அணுகலைக் கண்டுபிடிக்கும் கருவி) கட்டாயம், அதுவும் ஜெனரிக் வகை. அது நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கைத் தன் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும். எனவே மெய்நிகர் கணினிக்கு 2 ஜிபியாவது கொடுங்கள். கேசான் இல்லாமல் முயன்றால் பிழை கண்ணுக்கே தெரியாமல் போகலாம்: 20 பைட் கேட்டால் கெர்னலின் ஒதுக்கீட்டுச் செயற்கூறான கேமலாக் 32 பைட் துண்டைத் தருகிறது, மீதி 12 பைட்டில் வழிந்தது யாரையும் தொடாது. கேசான் கேட்ட நீளத்தைத்தான் கணக்கில் வைக்கிறது, ஒதுக்கிய துண்டின் நீளத்தை அல்ல.

ஃபோர்ட்டிஃபை (கம்பைலருக்குத் தெரிந்த பஃபர் அளவை வைத்து நகலெடுப்பைச் சோதிக்கும் வசதி) இருந்தால் போதாதா என்று பலர் கேட்பார்கள். இங்கே போதாது. பஃபரின் முகவரி ஒரு ஸ்ட்ரக்ட்டுக்குள் சுட்டியாக மட்டும் கிடக்கிறது. அதன் பின்னால் எத்தனை பைட் இருக்கிறது என்பது கம்பைலருக்குத் தெரியாது.

9பி, அதன் எஃப்டி (சாக்கெட்) ட்ரான்ஸ்போர்ட், 9பி டீபக் மூன்றையும் இயக்குங்கள். டீபக் இல்லையென்றால் நீங்கள் சேர்க்கும் சோதனை வேலை செய்ததா, வேறு ஏதோ காரணத்தால் மவுண்ட் தோற்றதா என்று பிரித்தறிய முடியாது.

கடைசியாக ஒரு பொய் சர்வர். பைத்தானில் ஸ்ட்ரக்ட், சாக்கெட் தொகுதிகளை வைத்து நூறு வரிக்குள் எழுதிவிடலாம். உண்மையான 9பி சர்வர்கள் இதற்கு உதவாது. அவை ஒழுங்கான செய்தியைத்தான் அனுப்பும்.

2. நான்கு எண்களைப் பிரித்துப் பெயரிடுங்கள்

இந்த வேலையின் முக்கால்வாசி இதுதான். "அளவு" என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு எண்கள் ஒளிந்திருக்கின்றன. குறியீட்டைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் நான்கையும் எழுதி, எந்த மாறி எந்த எண் என்று எதிரே குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது ஒப்புக்கொண்ட வரம்பு. 9பியில் இதன் பெயர் எம்சைஸ். மவுண்ட் ஆகும்போது வெர்ஷன் செய்திகள் வழியே இருபுறமும் பேசி முடிவாகும் எண். எந்த ஒரு செய்தியும் இதைவிடப் பெரியதாக இருக்காது என்பது வாக்குறுதி. அதை எதிர்முனை காப்பாற்றும் என்று நம்பக் கூடாது.

இரண்டாவது அறிவித்த நீளம். ஒவ்வொரு 9பி செய்தியும் 7 பைட் ஹெடரோடு தொடங்குகிறது: 4 பைட் நீளம், 1 பைட் வகை, 2 பைட் டேக் (எந்தக் கோரிக்கைக்கான பதில் என்று காட்டும் எண்). அந்த 4 பைட்டில் எழுதியிருப்பதுதான் அறிவித்த நீளம். ஹெடரும் அதில் அடக்கம்.

மூன்றாவது உண்மையில் வந்து சேர்ந்த நீளம். யுஎஸ்பியில் கன்ட்ரோலர் சொல்வது, விர்ட்டையோவில் ஹோஸ்ட் "இத்தனை எழுதினேன்" என்று சொல்வது. டிசிபி போன்ற ஓடைக்கு இப்படி ஒரு எண்ணே கிடையாது, பைட்டுகள் வந்துகொண்டே இருக்கும்.

நான்காவது கொள்ளளவு. பதிலை வாங்க நாம் ஒதுக்கிய பஃபரில் உண்மையாக இருக்கும் இடம். 9பி குறியீட்டில் கெப்பாசிட்டி என்ற புலம்.

வழிதல் நடப்பது நான்காவது எண் மீறப்படும்போது மட்டும்தான். மற்ற மூன்றும் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் அதற்குக் காப்பாகாது.

நீண்ட காலம் முதலாவதும் நான்காவதும் ஒன்றாகவே இருந்தன. எல்லா பஃபரும் எம்சைஸ் அளவிலேயே ஒதுக்கப்பட்டன. 2021இல் இயல்பு எம்சைஸ் 8 கேபியிலிருந்து 128 கேபியாக உயர்ந்தது. இருபது பைட் பதிலுக்கு 128 கேபி ஒதுக்குவது வீண் என்பதால், 2022இல் வந்த 6.1 பதிப்பு செய்தி வகைக்கு ஏற்ற சிறிய பஃபரை ஒதுக்கத் தொடங்கியது. அந்த நொடியில் எம்சைஸோடு ஒப்பிட்ட எல்லாச் சோதனைகளும், ஒரு எழுத்துகூட மாறாமல், தவறாகிவிட்டன. சாக்கெட் ட்ரான்ஸ்போர்ட், சோதனையே இல்லாதிருந்த ஜென், பொதுவான பிழைச் சோதனை என்று மூன்று இடங்களில் அடுத்தடுத்து திருத்தம் தேவைப்பட்டது. சோதனை எழுதியவர்கள் தவறு செய்யவில்லை, சோதனை நம்பியிருந்த சமன்பாடு உடைந்தது. பஃபர் ஒதுக்கீட்டை மாற்றும் எந்த பேட்ச்சைப் பார்த்தாலும் அளவுச் சோதனைகளைத் தேடிப் போக வேண்டும் என்பது இதனால்தான்.

3. வருகைப் பாதையை முழுவதும் வரையுங்கள்

எதிர்முனையிலிருந்து பைட் உள்ளே வரும் முதல் வரியிலிருந்து அது பஃபரில் விழும் வரி வரை படியுங்கள். ஒவ்வொரு ட்ரான்ஸ்போர்ட்டுக்கும் தனியாக. ஒன்றைப் படித்துவிட்டு மற்றவையும் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணுவது இந்த வேலையில் மிகப் பெரிய பொறி.

சாக்கெட் ட்ரான்ஸ்போர்ட்டில் ஓட்டம் இது. முதலில் 7 பைட் ஹெடர் ஒரு சிறிய தற்காலிக பஃபரில் படிக்கப்படுகிறது. அதிலிருந்து நீளமும் டேகும் எடுக்கப்படுகின்றன. டேகை வைத்து காத்திருக்கும் கோரிக்கை தேடப்படுகிறது. பிறகு படிக்கும் சுட்டி அந்தக் கோரிக்கையின் பதில் பஃபருக்கு மாற்றப்படுகிறது, படிக்க வேண்டிய மொத்தம் அறிவித்த நீளமாக வைக்கப்படுகிறது.

இங்கே ஒரு நுட்பம். படிக்கும் நிலையை வைத்திருக்கும் ஸ்ட்ரக்ட்டுக்கும் கெப்பாசிட்டி என்ற புலம் உண்டு, கோரிக்கையின் பதிலுக்கும் உண்டு. முதலாவதில் அறிவித்த நீளத்தையே எழுதிவிடுகிறார்கள். அதோடு ஒப்பிட்டால் எண்ணை அதே எண்ணோடு ஒப்பிட்டதாகும், சோதனை ஒருபோதும் தோற்காது. ஒப்பிட வேண்டியது கோரிக்கையின் பதில் பஃபரில் இருக்கும் கெப்பாசிட்டி.

ஜெனில் இரு மெய்நிகர் கணினிகள் பகிரும் ஒரு வளையத்திலிருந்து ஹெடர் உள்ளூர் மாறிக்கு நகலெடுக்கப்படுகிறது, பிறகு உடல். 2022 நவம்பர் வரை நடுவில் எந்தச் சோதனையும் இல்லை.

யுஎஸ்பியில் ஹெடரைப் படிக்கும் செயற்கூறு ஒன்று, முழுத் தரவையும் நகலெடுக்கும் செயற்கூறு வேறொன்று. முதலாவது அறிவித்த நீளத்தைச் சோதித்தது. இரண்டாவது உண்மையில் வந்த நீளத்துக்கு மெம்காப்பி செய்தது. ஹெடரில் சிறிய எண்ணை எழுதி, பெரிய தரவை அனுப்பும் யுஎஸ்பி ஹோஸ்ட் சோதனையைச் சுலபமாகத் தாண்டிவிடும். 2025இல் திருத்தப்பட்டது. சோதனை இருந்தது, சரியான பஃபரோடுதான் ஒப்பிட்டது, ஆனால் நகலெடுத்த எண் அது இல்லை.

விர்ட்டையோவில் தரவை எழுதுவது ஹோஸ்ட். எவ்வளவு எழுதலாம் என்பதை நாம் கொடுக்கும் விவரிப்பான் (டிஸ்கிரிப்டர்) பட்டியல் கட்டுப்படுத்துகிறது. ஆனால் எழுதியதாக ஹோஸ்ட் சொல்லும் நீளம் பதிலின் அளவாகப் பதிவாகிறது. பின்னால் வரும் குறியீடு அந்த அளவை நம்பிப் படிக்கும்.

பாதையை வரைந்ததும் மூன்று இடங்களை வட்டமிடுங்கள்: நீளம் முதலில் தெரியும் இடம், எழுதப்படப்போகும் பஃபர் எது என்று முதலில் தெரியும் இடம், முதல் பைட் எழுதப்படும் இடம். சோதனை இரண்டாவதற்குப் பின், மூன்றாவதற்கு முன் வர வேண்டும். சில குறியீடுகளில் அந்த இடைவெளி இரண்டு வரிதான்.

4. திருத்தும் முன் உடைத்துக் காட்டுங்கள்

பிழையை நேரில் பார்க்காமல் எழுதிய திருத்தம் ஊகம். உங்கள் கெர்னலில் ஏற்கெனவே திருத்தம் இருந்தால், பழகுவதற்காக ஒரு தனிக் கிளையில் அந்தச் சோதனையை நீக்கிவிட்டு இதைச் செய்யுங்கள்.

பொய் சர்வரை மெய்நிகர் கணினிக்குள்ளேயே 5640 போர்ட்டில் இயக்குங்கள். மவுண்ட் தேர்வுகளில் ட்ரான்ஸ்போர்ட்டாக டிசிபி, அதே போர்ட், 9பி2000.எல் என்ற நெறிமுறை வழக்கு (டயலெக்ட்), எம்சைஸ் 8192 ஆகியவற்றைக் கொடுங்கள். சர்வர் செய்ய வேண்டியது:

கிளையன்ட்டின் முதல் செய்தி வகை 100, வெர்ஷன் கோரிக்கை. அதற்கு வகை 101இல் பதில்: 7 பைட் ஹெடர், 4 பைட் எம்சைஸ், 2 பைட் சரநீளம், வழக்கின் பெயருக்கு 8 பைட். மொத்தம் 21. இந்தச் செய்திக்கு மட்டும் டேக் 65535.

அடுத்து வருவது வகை 104, இணைப்புக் கோரிக்கை. ஒழுங்கான பதில் வகை 105, மொத்தம் 20 பைட்: 7 ஹெடர், 13 பைட் அடையாளம். கோரிக்கையில் வந்த டேகை அப்படியே எடுத்து வைத்து, நீளம் மட்டும் 4096 என்று எழுதி, பின்னால் 4089 பைட் ஏதோ ஒன்றை அனுப்புங்கள்.

4096 என்பது 8192ஐ விடச் சிறியது, எனவே எம்சைஸோடு ஒப்பிடும் சோதனை இதை விட்டுவிடும். பதில் பஃபரோ சில பத்து பைட்டுதான். கேசான் "ஸ்லாப் எல்லைக்கு வெளியே எழுதல்" என்று கத்தும்.

அனைத்து எண்களும் சிறிய முனை முதலில் வரும் வரிசையில் இருக்க வேண்டும். பைத்தானில் இயல்பு வரிசைக்கு விட்டுவிட்டால் நிரப்பு பைட்டுகள் சேர்ந்து ஹெடர் 7க்குப் பதில் 8 பைட் ஆகிவிடும். வெர்ஷன் பதிலே ஏற்கப்படாமல் மவுண்ட் தோற்பதற்கு இதுதான் பொதுவான காரணம்.

கேசான் அறிக்கையின் உச்சியில் 9பியின் பெயர் இருக்காது. காப்பி டு இட்டர் என்ற பொதுவான செயற்கூறு இருக்கும், ஏனென்றால் உண்மையில் பைட்டை எழுதியது சாக்கெட் அடுக்கு. அங்கே போய்த் திருத்தத் தேடுபவர்கள் பலர். அறிக்கையில் கீழே இறங்கி, நீளத்தை யார் கொடுத்தார்கள் என்று பாருங்கள். "ஒதுக்கியது யார்" என்ற பகுதி இன்னும் பயனுள்ளது. பஃபரின் உண்மையான கொள்ளளவு எங்கே முடிவானது என்று அதுதான் காட்டும்.

இந்த அறிக்கையைச் சேமித்து வையுங்கள். பேட்ச்சின் விளக்கத்தில் தேவைப்படும்.

5. சோதனையைச் சரியான இடத்தில் வைப்பது

பொதுவான பிழைச் சோதனைச் செயற்கூறு ஒன்று 9பி கிளையன்ட்டில் இருக்கிறது. எல்லா ட்ரான்ஸ்போர்ட்டுக்கும் பொது என்பதால் அங்கே ஒரு வரி சேர்த்தால் எல்லாம் தீர்ந்தது என்று தோன்றும். தீராது. அது ஓடுவது பதில் முழுதாக வந்து, காத்திருந்த இழை (த்ரெட்) விழித்த பிறகு. அதற்குள் பஃபர் வழிந்துவிட்டிருக்கும். அங்கே இருக்கும் சோதனை, பின்னால் படிக்கும் குறியீட்டைக் காப்பதற்கு. எழுதுவதைக் காப்பது ட்ரான்ஸ்போர்ட்டின் கடமை. இரண்டும் வேண்டும், ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது.

சாக்கெட்டில் சரியான இடம்: டேகை வைத்து கோரிக்கை கிடைத்து, அது இன்னும் பதிலுக்குக் காத்திருக்கும் நிலையில் இருக்கிறதா என்று பார்த்த உடனே, சுட்டியை மாற்றுவதற்கு முன். கோரிக்கை கிடைக்கும் முன் கொள்ளளவே தெரியாது. பழைய சோதனை கோரிக்கையைத் தேடுவதற்கு முன்பே இருந்ததால்தான் எம்சைஸைத் தவிர வேறு எண் அதன் கைக்கு எட்டவில்லை. திருத்தத்தில் வரியை மாற்றுவதோடு அதன் இடத்தையும் கீழே இறக்க வேண்டியிருந்தது.

யுஎஸ்பியில் மெம்காப்பிக்கு நேர் மேலே. ஒப்பிட வேண்டியது உண்மையில் வந்த நீளம். ஹெடர் சோதனையை நீக்க வேண்டாம், அது வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது.

பகிர்ந்த நினைவகம் உள்ள ஜென் போன்ற இடத்தில் இன்னொரு கட்டாயம்: சோதித்த எண்ணும் பயன்படுத்திய எண்ணும் ஒரே உள்ளூர் மாறியாக இருக்க வேண்டும். வளையத்திலிருந்து ஒரு முறை படித்துச் சோதித்துவிட்டு, நகலெடுக்கும்போது மறுபடி வளையத்திலிருந்து படித்தால், நடுவில் எதிர்முனை எண்ணை மாற்றிவிடலாம். ஜென் குறியீடு ஹெடரை முதலில் உள்ளூர் நகலாக எடுப்பது இதற்காகத்தான். "ஒரு நகல் மிச்சம்" என்று அதை நீக்க முயல வேண்டாம்.

6. ஒப்பீட்டை எழுதுவது

ஒப்பிடுவது "பெரியதா" என்றா, "பெரியதோ சமமோ" என்றா? எம்சைஸின் பொருள் "அனுமதிக்கப்பட்ட மிகப் பெரிய நீளம்". சமமான நீளம் செல்லும். பழைய 9பி சோதனைகள் சமத்தையும் மறுத்தன. சரியாகப் பஃபர் அளவிலான செய்தியை அவை தவறாகத் தள்ளிவிடும். கொள்ளளவோடு ஒப்பிடும்போது "அளவு > கொள்ளளவு" என்றால் மட்டும் பிழை. 20 பைட் பஃபருக்கு 20 பைட் பதில் வருவது இயல்பான நிலை என்பதால், இதைத் தவறாக எழுதினால் எல்லா மவுண்ட்டும் நின்றுவிடும்.

கீழ் எல்லையையும் பாருங்கள். அறிவித்த நீளம் 7க்குக் கீழே இருக்க முடியாது. 3 என்று வந்தால் என்ன ஆகும்? ஏற்கெனவே 7 பைட் படித்தாயிற்று, மீதி என்பது 3 கழித்தல் 7. குறியற்ற கணக்கில் அது பிரம்மாண்டமான எண். மேல் எல்லையை மட்டும் சோதிக்கும் பேட்ச்சுகளில் மிக அதிகமாக விடுபடுவது இதுதான்.

வகைகளைக் கவனியுங்கள். நெட்வொர்க்கிலிருந்து வந்த எண் 32 பிட் குறியற்றதாகவே கடைசி வரை இருக்கட்டும். குறியுள்ள முழு எண்ணில் போட்டால் 4294967295 என்பது எதிர்ம 1 ஆகிவிடும். "வரம்பைவிடப் பெரியதா" என்ற கேள்விக்கு இல்லை என்று வரும், பிறகு மெம்காப்பிக்குள் போகும்போது மறுபடி பிரம்மாண்டமாகும். இரண்டில் சிறியதைத் தரும் மின்_டி போன்ற மேக்ரோவுக்கு வகையாகக் குறியுள்ள முழு எண்ணைக் கொடுப்பதும் இதே விபத்துதான். பைட் வரிசையை மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள். மேக் கட்டளையில் ஸ்பார்ஸ் சோதனையை (குறியீட்டை ஓட்டாமலே வகைத் தவறுகளைத் தேடும் கருவி) இயக்கினால் மாற்றாமல் விட்ட இடங்களை அது காட்டும்.

கூட்டி ஒப்பிடாதீர்கள், கழித்து ஒப்பிடுங்கள். "ஹெடர் + உடல் > கொள்ளளவு" என்பதில் கூட்டல் சுற்றிவிடலாம். முதலில் கொள்ளளவு ஹெடரைவிடக் குறைவா என்று பார்த்து, பிறகு "உடல் > கொள்ளளவு − ஹெடர்" என்று எழுதுங்கள். முதல் சோதனை இல்லாமல் இரண்டாவது மட்டும் இருந்தால் கழித்தலே கீழே சுற்றும். யுனிக்ஸ் டேட்டாகிராம் சாக்கெட் குறியீட்டில் "நீளம் > அனுப்பும் பஃபர் − 32 என்றால் இஎம்எஸ்ஜிசைஸ் (செய்தி மிகப் பெரிது என்ற பிழை)" என்று ஒரு சோதனை இருக்கிறது. அனுப்பும் பஃபர் 32க்குக் கீழே போக முடிந்தால் அது உடைந்துவிடும். போகாமல் காப்பது சாக்கெட் தேர்வுகளை வைக்கும் இடத்தில் உள்ள குறைந்தபட்ச வரம்பு. இப்படி வேறெங்கோ இருக்கும் வரம்பை நம்பினால், அதை விளக்கத்தில் எழுதுங்கள்.

கூட்டல் தவிர்க்க முடியாத இடத்தில் கெர்னலிலேயே இருக்கும் செக்_ஆட்_ஓவர்ஃப்ளோவைப் பயன்படுத்துங்கள். சொந்தமாக எழுத வேண்டாம்.

7. விதிவிலக்குகளைத் தேடுங்கள்

எல்லா இடத்திலும் கொள்ளளவோடு ஒப்பிட்டுவிட்டால் முடிந்தது என்று நினைக்கும் இடத்தில் 9பி இரண்டு பாடங்களை வைத்திருக்கிறது.

ஒன்று, நகலில்லா வழி. பெரிய அளவில் படிக்கும்போதும் எழுதும்போதும் தரவு பதில் பஃபர் வழியே நகலாகாமல் நேராகப் பயனர் பக்கங்களோடு பரிமாறப்படுகிறது. நேர்கோட்டு பஃபர் 4096 பைட்தான், அதில் ஹெடர் மட்டும் விழும். ஆனால் ஹெடரில் அறிவித்த நீளத்தில் தரவும் அடக்கம், அது லட்சக்கணக்கான பைட்டாக இருக்கலாம். பொதுவான சோதனையில் கொள்ளளவோடு ஒப்பிட்டால் ஒழுங்கான பெரிய படிப்புகள் எல்லாம் பிழையாகும். அதனால்தான் பதில் ஸ்ட்ரக்ட்டில் நகலில்லா வழிக்கான ஒரு கொடி சேர்க்கப்பட்டு, கொடி இருந்தால் இந்தச் சோதனை தாண்டப்படுகிறது. சிறிய கோப்புகளை மட்டும் வைத்துச் சோதித்தால் இந்த முறிவு வெளியே வராது.

இரண்டு, ஆர்டிஎம்ஏ. அங்கே பதில் பஃபர்கள் பொதுக் குளத்திலிருந்து வருகின்றன. ஒரு கோரிக்கைக்காக வைத்த பஃபரில் வேறொரு கோரிக்கையின் பதில் வந்து விழலாம். எனவே செய்தி வகைக்கு ஏற்ற சிறிய பஃபர் என்பது அங்கே பொருந்தாது. பதில் பஃபர் எப்போதும் எம்சைஸ் அளவில் ஒதுக்கப்படுகிறது, அதற்கென ட்ரான்ஸ்போர்ட் விவரத்தில் ஒரு கொடி இருக்கிறது.

எம்சைஸ் பெரியதாகிவிடாமல் ஒவ்வொரு ட்ரான்ஸ்போர்ட்டும் தன் உச்சத்தையும் சொல்கிறது. விர்ட்டையோவில் வரிசைக்கு 128 இடங்கள். கோரிக்கைக்கு ஒன்று, பதில் ஹெடருக்கு ஒன்று, பக்க எல்லையில் தொடங்காத முகவரியால் கூடுதலாக வரும் பக்கத்துக்கு ஒன்று போக 125. 4096 பைட் பக்கத்தில் அது 512000 பைட். அந்த மூன்றாவது இடத்தை மறப்பவர்கள் 516096 என்று கணக்கிட்டு, நேராக அமையாத முகவரி வரும் வரை எல்லாம் சரி என்று நம்பிக்கொண்டிருப்பார்கள்.

8. சோதனை தோற்றால் என்ன செய்வது

வெறுமனே திரும்பிவிடுவது மிகக் கெட்ட தேர்வு. பதிலுக்காக ஒரு இழை தூங்கிக்கொண்டிருக்கிறது. கோரிக்கையைப் பிழை நிலையில் முடித்து எழுப்பாவிட்டால் அது தூங்கிக்கொண்டே இருக்கும், மவுண்ட்டையும் நீக்க முடியாது.

அடுத்த கேள்வி: இணைப்பை வைத்திருக்கலாமா? இது ட்ரான்ஸ்போர்ட்டைப் பொறுத்தது. சாக்கெட் ஓடையில் செய்தி எல்லை என்று தனியாக எதுவும் இல்லை, நீளத்தை நம்பித்தான் அடுத்த ஹெடரைக் கண்டுபிடிக்கிறோம். நீளமே பொய் என்றால் அடுத்த ஹெடர் எங்கே என்று தெரியாது. இணைப்பை ரத்து செய்வதே சரி. ஜென் வளையத்தில் அந்தச் செய்தியைத் தாண்டி நுகர்வுச் சுட்டியை நகர்த்திவிட்டு, அந்த ஒரு கோரிக்கைக்கு மட்டும் பிழை கொடுத்துத் தொடரலாம். சுட்டியை நகர்த்த மறந்தால் அதே கெட்ட செய்தியையே முடிவில்லாமல் படித்துக்கொண்டிருக்கும்.

எந்தப் பிழை எண்? அனுப்பும்போது பயனர் கொடுத்தது பெரியதென்றால் இஎம்எஸ்ஜிசைஸ். வாங்கும்போது எதிர்முனை ஒழுங்கு மீறினால் 9பி வழக்கப்படி இஐஓ (உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை). மவுண்ட் தேர்வு தவறென்றால் இஇன்வால் (செல்லாத மதிப்பு). எம்சைஸ் 4096க்குக் கீழே கொடுத்தால் கிடைப்பது இதுதான்.

பக்_ஆன் (கெர்னலையே நிறுத்துவது), வார்ன்_ஆன் (எச்சரிக்கை அச்சிடுவது) இரண்டையும் எதிர்முனை தரவின் மேல் வைக்கவே வைக்காதீர்கள். எச்சரிக்கை வந்ததும் நின்றுவிடும்படி அமைத்த கணினிகள் நிறைய உண்டு. அவற்றில் வெளியாள் ஒரே செய்தியில் கணினியை வீழ்த்த நீங்களே வழி செய்து கொடுத்தவர் ஆவீர்கள். சாதாரணப் பிழைப் பதிவு போதும். அதில் அறிவித்த நீளம், டேக், கொள்ளளவு மூன்றையும் அச்சிடுங்கள், மூன்றும் இருந்தால்தான் பதிவைப் பார்ப்பவருக்குக் காரணம் புரியும். அடிக்கடி வரக்கூடிய இடமென்றால் வேகக் கட்டுப்பாடுள்ள பதிப்பைப் பயன்படுத்துங்கள்.

9. செய்திக்குள் இருக்கும் எண்ணிக்கைகள்

வெளி நீளம் சரியாக இருந்தாலும் உள்ளே இன்னொரு எண் இருக்கலாம். 9பி படிப்புப் பதிலில் "இத்தனை பைட் தருகிறேன்" என்ற புலம் உண்டு. கேட்டதைவிட அது பெரியதாக இருக்கிறதா என்று கிளையன்ட் தனியாகப் பார்க்கிறது.

இதை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு கணினிக் கூட்டத்துக்குள் செய்தி பரிமாறும் டிப்ஸி நெறிமுறையின் இரண்டு ஓட்டைகள் சாட்சி. சிவிஇ-2021-43267 என்ற பதிவெண் கொண்ட ஓட்டையில், சாவி அனுப்பும் செய்தியின் மொத்த நீளத்தை வைத்து நினைவகம் ஒதுக்கப்பட்டது, ஆனால் உள்ளே எழுதியிருந்த சாவி நீளத்தை வைத்து நகலெடுக்கப்பட்டது. இரண்டும் பொருந்துகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. சிவிஇ-2022-0435இல், அண்டை முனைகளின் பட்டியலில் உள்ள உறுப்பினர் எண்ணிக்கை 64ஐத் தாண்டுகிறதா என்று பார்க்காததால் ஸ்டாக் வழிந்தது.

திருத்தத்தின் வடிவம் இரண்டிலும் ஒன்றுதான், வரிசை முக்கியம்: முதலில் அந்த உள் எண்ணைப் படிக்கவாவது போதுமான பைட் வந்திருக்கிறதா, பிறகு எண் தன் உச்ச வரம்புக்குள் இருக்கிறதா, கடைசியாக அந்த எண்ணிலிருந்து கணக்கிட்ட நீளமும் வந்த நீளமும் பொருந்துகின்றனவா. முதலாவதைத் தவிர்த்தால் சோதனையே எல்லை தாண்டிப் படிக்கும்.

10. எல்லை மதிப்புகளோடு மறுபடி ஓட்டுங்கள்

பொய் சர்வரில் அறிவித்த நீளத்தை மாற்றி மாற்றி அனுப்புங்கள்: 0, 6, 7, கொள்ளளவுக்கு ஒன்று குறைவு, சரியாகக் கொள்ளளவு, ஒன்று கூடுதல், சரியாக எம்சைஸ், 2147483648, 4294967295. ஒவ்வொன்றிலும் மூன்றைப் பாருங்கள்: கேசான் அமைதியாக இருக்கிறதா, மவுண்ட் கட்டளை தொங்காமல் திரும்புகிறதா, சரியான பதிவு வந்ததா. கொள்ளளவு எவ்வளவு என்று ஊகிக்காமல் ஒரு தற்காலிக அச்சு வரி போட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிறகு ஒழுங்கான சர்வரோடு. க்யூஇமுவின் விர்ட்டையோ பகிர்வில் எம்சைஸ் 4096, 8192, 131072, 512000 என்று மவுண்ட் செய்து, சில நூறு எம்பி கோப்பை எழுதி, திரும்பப் படித்து, சரிபார்ப்புத் தொகையை ஒப்பிடுங்கள். 1048576 கேட்டால் 512000ஆகக் குறைக்கப்பட்டதாகப் பதிவு வர வேண்டும். நகலில்லா வழி உடைந்திருந்தால் இங்கே தெரியும். ஆயிரக்கணக்கான கோப்புகள் உள்ள அடைவைப் பட்டியலிடுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதன் பதில்களும் பெரியவை.

11. பேட்ச்சைப் பிரித்து அனுப்புவது

ஒரு ட்ரான்ஸ்போர்ட்டுக்கு ஒரு பேட்ச். காரணம் நடைமுறை சார்ந்தது: நிலைத்த (ஸ்டேபிள்) கிளைகள் எல்லாவற்றிலும் எல்லா ட்ரான்ஸ்போர்ட்டும் இல்லை. யுஎஸ்பி கேட்ஜெட் ட்ரான்ஸ்போர்ட் 2024இல் 6.12 பதிப்பில்தான் வந்தது. அதையும் ஜெனையும் ஒரே பேட்ச்சில் கட்டினால் பழைய கிளையில் ஒட்டாது, ஜென் திருத்தமும் சேர்ந்து விடுபடும்.

எந்தக் கமிட் பிழையைக் கொண்டுவந்தது என்று சொல்லும் ஃபிக்ஸஸ் வரியை யோசித்து எழுதுங்கள். சாக்கெட் ட்ரான்ஸ்போர்ட்டில் சோதனை வரி பழையது, ஆனால் அது தவறானது பஃபரைச் சிறிதாக்கிய கமிட்டில். கிட் பிளேம் காட்டும் பழைய வரியைக் குறித்தால், பாதிப்பே இல்லாத பழைய கிளைகளுக்கெல்லாம் பேட்ச் போகும். கமிட் அடையாளத்தின் முதல் 12 எழுத்தும் அதன் தலைப்பும் வேண்டும்.

விளக்கத்தில் முதல் பத்தியில் யார், எதை அனுப்பினால், எந்த பஃபர் வழியும் என்று எழுதுங்கள். அடுத்து கேசான் அறிக்கையின் தேவையான வரிகள் மட்டும். கடைசியில் ஏன் இந்த எண்ணோடு ஒப்பிடுகிறீர்கள் என்பது. "அளவுச் சோதனை சேர்க்கப்பட்டது" என்று மட்டும் எழுதினால் மதிப்பாய்வாளர் உங்கள் வேலை முழுவதையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

பேட்ச்சின் நடையைச் சோதிக்கும் செக்பேட்ச்சை ஓட்டி, யாருக்கு அனுப்புவது என்று காட்டும் கெட்_மெயின்டெய்னர் சொல்லும் எல்லோருக்கும் கிட் சென்ட்-இமெயில் வழியே வெற்று உரையாக அனுப்புங்கள். இன்னும் வெளியே தெரியாத, தொலைவிலிருந்து தாக்கக்கூடிய ஓட்டை என்றால் பொதுப் பட்டியலுக்கு முன் கெர்னல் பாதுகாப்புக் குழுவின் மின்னஞ்சல் முகவரிக்கு எழுதுங்கள். இரண்டாம் பதிப்பு அனுப்பும்போது என்ன மாற்றினீர்கள் என்பதை விளக்கத்தின் முடிவில் வரும் மூன்று கோட்டுக்கு (---) கீழே எழுதுங்கள். மேலே எழுதினால் அது கமிட் வரலாற்றில் நிலைத்துவிடும்.